உங்களுக்குத் தெரியுமா? கோட்டைக்குள் குடியிருந்த வுல்ஃப்

ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் லெனர்ட், கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் குடியிருந்தவர்!

● 1905 சனவரியில் சிவில் சேவை அதிகாரியாக வந்தார், வயது 24. வடக்கு ரயில் பாதை முடியாத காலம். அநுராதபுரம் வரை ரயில், பிறகு ஆனையிறவு வரை காட்டுவழியே மாட்டுவண்டித் தபால். கூடவே சார்ல்ஸ் என்ற நாயும் வால்டேரின் நூல்கள் அடுக்கிய பெட்டியும். அந்த மாடுகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

● அவர் குதிரையில் போகும்போது வேண்டுமென்றே சவுக்கால் ஒரு வழக்கறிஞரின் முகத்தில் அடித்தார் என்று யாழ்ப்பாணச் சங்கம் அரசுக்கு முறையிட்டது. சவுக்கை நீட்டி எதையோ சுட்டிக்காட்டினேன், அவ்வளவுதான் என்பது வுல்ஃபின் விளக்கம்.

● கோட்டை பங்களாவில் கூட இருந்த சக அதிகாரி சதர்ன், பின்னாளில் வுல்ஃபின் அக்கா பெல்லாவை மணந்தார்.

● லெனர்ட் வுல்ஃபின் கடிதங்களும் குடும்பத் தாள்களும் இன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகச் சேகரத்தில். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தை வைத்து எழுதி 1913இல் வெளியிட்ட நாவலின் கையெழுத்துப்படி மட்டும் இலங்கைக்கே திரும்பிவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.