காமிராவுக்கு உகந்த சேமிப்பு மின்கலம் எது?

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்குக் கிழக்கே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த சிற்றூர் சூரியநெல்லி. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு ஜீப்பு வண்டிகள் ஏறிச் செல்வது இவ்வூர் வழியாகவேயாம். அருகில் பன்னியாற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள அணை ஆனையிறங்கல் எனப்படும். யானை இறங்கி வரும் இடம் என்பது அப்பெயரின் பொருள். அப்பொருள் இன்றும் பொய்யாகவில்லை. அண்டையிலுள்ள சின்னக்கானல் பகுதியில் 2023 ஏப்ரல் 29-ஆம் நாள் ஒரு காட்டானை மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, பெரியாற்றுப் புலிகள் காப்பகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டதைப் பலரும் அறிவர்.

இத்தகைய இடங்களில் பணிபுரியும் ஊழியருக்குக் காமிரா வெறும் பொழுதுபோக்குச் சாதனமன்று. குறிப்பேட்டைப் போலவே அதுவும் ஒரு பதிவுக் கருவியாகும். யானை மிதித்த விளைநிலத்தின் நிலை, பாதையோரம் காணப்பட்ட அடிச்சுவடு, இரவில் கடந்து சென்ற விலங்கு ஆகிய யாவும் படமாகப் பதிவு பெறுதல் வேண்டும். மூணாற்று மலைகளில் 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் பெருவாரியாகப் பூத்த நீலக்குறிஞ்சி, அதே இடத்தில் மீண்டும் அவ்வாறு பூக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் செல்லும். குறித்த நாளில் காமிரா இயங்காமற்போனால் இழப்பது ஒரு படம் மட்டுமன்று. அடுத்த வாய்ப்பு வரும்வரை உள்ள காலம் முழுவதுமேயாம்.

டிஜிட்டல் காமிரா இயங்காமற்போவதற்குப் பெரும்பாலும் காரணமாவது அதன் மின்கலமே. ஆயினும் மின்கலம் வாங்கும்பொழுது, மேலுறையில் அச்சிட்டுள்ள எண்ணில் பெரியது எதுவோ அதையே சிறந்ததெனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகுந்துள்ளது. அவ்வழக்கம் சரியன்று என்பதையும், வேலையின் இயல்பைக் கொண்டே கலத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

அச்சிட்ட எண் எதைக் குறிக்கின்றது?

மீண்டும் மின்னேற்றத்தக்க கலங்களைச் சேமிப்பு மின்கலங்கள் என்கிறோம். அவற்றின் மேல் 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது போன்ற ஓர் எண் காணப்படும். 200 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை அக்கலம் ஏறக்குறைய 10 மணி நேரம் அளிக்கவல்லது என்பது இதன் பொருள். இது மின்னூட்டத்தின் அளவேயன்றிச் சக்தியின் அளவன்று. சக்தியை அறிய, அவ்வெண்ணை மின்னழுத்தத்தால் பெருக்குதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். பேனா டார்ச்சில் இடும் 'ஏ.ஏ.' அளவுள்ள நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்கள் நான்கினை வரிசையாக இணைத்தால் மின்னழுத்தம் 4.8 வோல்ட்டு. ஒவ்வொன்றும் 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்டதாயின் மொத்தச் சக்தி 9.6 வாட்-மணி. காமிராவுக்கெனவே செய்யப்பட்ட லிதியம்-அயனித் தொகுதி ஒன்றின் மின்னழுத்தம் 7.2 வோல்ட்டு, அதன்மேல் அச்சிட்ட எண் 1,800 எனக் கொள்வோம். சக்தி ஏறக்குறைய 13 வாட்-மணியாகின்றது. எண்ணைப் பார்த்தால் முன்னது பெரிது. சக்தியைப் பார்த்தால் பின்னதே மூன்றிலொரு பங்குக்கு மேல் மிகுதி. ஆகவே, மின்னழுத்தம் ஒன்றாக உள்ள கலங்களையன்றிப் பிறவற்றை மில்லி ஆம்பியர்-மணியால் ஒப்பிடுதல் தவறாகும்.

கலத்தின் உள் மின்தடையும் கவனிக்கத்தக்கது. பானை நிறைய நீர் இருப்பினும் வாய் குறுகியதாயின் வேண்டிய வேகத்தில் நீரை ஊற்ற இயலாது. அதுபோலவே உள் மின்தடை மிகுந்த கலத்தில் சக்தி எஞ்சியிருந்தும், காமிரா கேட்கும் வேகத்தில் அதைத் தர இயலாது. ஒளிவிளக்கை மின்னேற்றும்பொழுதும், ஆடியை முன்னும் பின்னும் நகர்த்தும்பொழுதும் காமிரா மிகுந்த மின்னோட்டத்தை வேண்டுகின்றது. அவ்வேளையில் சாதாரணக் காரக்கலத்தின் மின்னழுத்தம் சரிந்துவிட, காமிரா தானே நின்றுவிடுகின்றது. 1.5 வோல்ட்டுள்ள காரக்கலத்தைக் காட்டிலும் 1.2 வோல்ட்டே உள்ள நிக்கல்-ஹைட்ரைடு கலம் காமிராவில் மிகுதியான படங்களை எடுக்க உதவுவதன் காரணம் இதுவே.

மூவகைக் கலங்கள்

நிக்கல்-காட்மியம் கலத்தை ஸ்வீடன் நாட்டு வால்டெமார் யுங்னர் என்பார் 1899-ஆம் ஆண்டில் அமைத்தார். முரட்டுத்தனமான உபயோகத்தைத் தாங்கவல்லது. குளிரிலும் நன்கு இயங்குவது. ஆயின் கொள்ளளவு குறைவு. அன்றியும் காட்மியம் நச்சுத் தன்மையுள்ள உலோகம். ஆதலின் காமிராவுக்கு இதனைப் புதிதாக வாங்குவதற்கு இன்று காரணம் ஏதுமில்லை.

நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலத்தில் காட்மியத்துக்குப் பதிலாக, ஹைட்ரஜனை உட்கொள்ளும் உலோகக் கலவை பயன்படுகின்றது. அதே அளவுள்ள கலத்தில் இரு மடங்கும் அதற்கு மேலும் மின்னூட்டம் கொள்ளும். இதன் பெருங்குறை, எடுத்துவைத்த நிலையிலேயே மின்னூட்டம் கசிந்து குறைதலாம். இக்குறையை வெகுவாக நீக்கிய கலங்களை ஜப்பானின் சான்யோ நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் 'எனலூப்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஓராண்டு கழித்தும் 85 சதவீதம் எஞ்சியிருக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. பின்னர்ப் பிற நிறுவனங்களும் இத்தகைய கலங்களை வெளியிட்டன. இவற்றைக் குறைகசிவுக் கலங்கள் என்று இங்கே குறிப்போம்.

லிதியம்-அயனிக் கலம் 1991-ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தால் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிகோலிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டில் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. எடையிற் குறைந்து, சக்தியில் மிகுந்து, கசிவிலும் குறைந்து விளங்குவது இது. ஆயின் ஒவ்வொரு காமிராவுக்கும் அதற்குரிய வடிவிலேயே தொகுதி கிடைத்தல் வேண்டும். கானகத்தில் அது தீர்ந்துவிட்டால் அருகிலுள்ள கடையில் மாற்றுக்கலம் வாங்க இயலாது.

மூன்று மாதத்திற்குப் பின் எஞ்சுவது எவ்வளவு?

சாதாரண நிக்கல்-ஹைட்ரைடு கலம் ஒன்று 2,500 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது. குறைகசிவுக் கலம் 2,000 மட்டுமே கொண்டது. முன்னது மாதந்தோறும் எஞ்சியதில் 20 சதவீதத்தை இழப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மாத இறுதியில் அதில் 2,000, இரண்டாம் மாத இறுதியில் 1,600, மூன்றாம் மாத இறுதியில் 1,280 எஞ்சும். பின்னதிலோ மூன்று மாதம் கழித்தும் ஏறக்குறைய 1,900 இருக்கும். மின்னேற்றிய அன்றே படமெடுப்பவருக்கு முதற்கலம் நன்று. அலமாரியில் வைத்துத் தேவை வந்தபொழுது எடுப்பவருக்கு இரண்டாவதே நன்று.

இவ்வேறுபாடு தானியங்கிக் காமிராக்களின் விஷயத்தில் மிகவும் முக்கியமாகும். விலங்கின் உடல்வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து தாமே படமெடுக்கும் இக்காமிராக்கள் பல வாரங்கள் கானகத்தில் தனித்து நிற்பவை. 2018-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இவை அமைக்கப்பட்டன. கிடைத்த 3 கோடியே 48 லட்சத்துக்கு மேற்பட்ட படங்களில் புலியின் படங்கள் 76,651. புலியின் இரு விலாக்களிலும் வரிகள் வெவ்வேறாக இருப்பதால், பாதையின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரு காமிராக்கள் வைக்கப்படுகின்றன. ஒன்றின் மின்கலம் இடையிலே தீர்ந்துவிடின், ஒரு விலாவின் படமே கிடைக்கும். அவ்விலங்கு இன்னதென உறுதி செய்வதும் கடினமாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எட்டுக் கலங்கள் இடும் தானியங்கிக் காமிராவில் புதிய காரக்கலங்கள் 12 வோல்ட்டு தரும். நிக்கல்-ஹைட்ரைடு கலங்கள் 9.6 வோல்ட்டே தரும். சில காமிராக்கள் இதனைத் தீர்ந்த கலம் எனத் தவறாகக் கொள்ளக்கூடும். ஆகவே கருவியின் கையேட்டைப் பார்த்து, கலத்தின் வகையைக் குறிக்கும் அமைப்பு இருப்பின் அதைத் திருத்தி வைத்தல் வேண்டும். மேலும் இக்கலங்களின் மின்னழுத்தம் நெடுநேரம் ஒரே நிலையில் நின்று இறுதியில் திடீரென வீழ்வதாகும். ஆதலால் காமிராவின் அளவுகாட்டியை நம்பியிராமல், மின்னேற்றிய தேதியைக் கலத்தின்மேல் ஒட்டுத்தாளில் எழுதிவைப்பதே சிறந்த வழி.

குளிரும் மின்னேற்றமும்

மூணாற்றுச் சுற்றுப்புறத்தில் ஜனவரி மாதத்தில் உறைபனி படியும் இரவுகள் உண்டு. குளிரில் கலத்தினுள் நிகழும் வேதிவினை மெதுவாகி, உள் மின்தடை உயர்கின்றது. விடியலில் கொழுக்குமலைக்கு ஏறுவோர் மாற்றுக்கலத்தைப் பையில் வைக்காமல் உட்சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வைத்தல் நலம். குளிரில் ஓய்ந்த கலம் வெதுவெதுப்பு ஏறியதும் மீண்டும் சில படங்களுக்கு உதவக்கூடும்; ஆகவே அதை உடனே தீர்ந்ததென ஒதுக்கிவிடலாகாது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் இருக்கும்பொழுது லிதியம்-அயனிக் கலத்துக்கு மின்னேற்றம் செய்யவே கூடாது. உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து கலம் பழுதாகும்.

2,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட நிக்கல்-ஹைட்ரைடு கலத்துக்கு 200 மில்லி ஆம்பியரில் மின்னேற்ற 10 மணி நேரம் போதும் என்று தோன்றும். மின்னேற்றத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால் 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். கலம் நிரம்பியதை உணர்ந்து தானே நிற்கும் மின்னேற்றி சற்று விலை மிகுந்ததேனும், கலத்தின் ஆயுளைக் காப்பதால் அச்செலவு வீணாகாது. லிதியம்-அயனிக் கலத்துக்கு அதற்கென அமைந்த மின்னேற்றியையன்றிப் பிறிதொன்றைப் பயன்படுத்தலாகாது. உப்பிய கலத்தை உடனே விலக்கிவிடுதல் வேண்டும். நெடுநாள் எடுத்துவைப்பதாயின் பாதியளவு மின்னேற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

பழைய கலமும் புதிய கலமும் ஒரே காமிராவில் கலந்திடுதல் பெருந்தவறு. வலிமையற்ற கலம் முதலில் தீர்ந்து, மற்றவை அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்த, அதன் முனைகள் தலைமாறிக் கலம் கெடும். ஆகவே நான்கு நான்காகத் தொகுத்து அடையாளமிட்டு, ஒரு தொகுதியை ஒன்றாகவே பயன்படுத்தி ஒன்றாகவே மின்னேற்றுக.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஆசிரியர்கள் மாணவர்க்கு இதனை எளிதிற் காட்டலாம். சுவர்க்கடிகாரத்தில் பல மாதங்கள் ஓடிய கலம் ஒன்றையும், மின்னேற்றிய நிக்கல்-ஹைட்ரைடு கலம் ஒன்றையும் எடுத்து, மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுக. பின்னர் ஒவ்வொன்றோடும் சிறு டார்ச் பல்பை இணைத்து, பல்பு எரியும்பொழுதே மறுபடியும் அளக்கச் சொல்லுக. முதற்கலத்தில் வீழ்ச்சி மிகுதியாகவும் இரண்டாவதில் குறைவாகவும் காணப்படும். இவ்வீழ்ச்சியே உள் மின்தடையின் அடையாளம்.

கசிவை அறிய, ஒரே நாளில் மின்னேற்றிய ஒரே வகைக் கலங்கள் இரண்டில் ஒன்றை அன்றே பல்பில் இணைத்து, அது மங்கும் வரை ஆகும் நேரத்தைக் குறிக்க. மற்றதை ஒரு மாதம் கழித்து அவ்வாறே செய்க. இரு நேரங்களின் விகிதமே எஞ்சிய மின்னூட்டத்தின் விகிதமாகும். இச்சோதனைகளுக்கு லிதியம் கலங்களைக் கொள்ளலாகாது. எந்தக் கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்தலும் கூடாது.

முடிவு

நாள்தோறும் கையாளப்பட்டு, மாலைதோறும் மின்வசதியுள்ள இடத்துக்குத் திரும்பும் காமிராவுக்கு லிதியம்-அயனியே ஏற்றது. மாற்றுத் தொகுதி ஒன்றும் உடனிருத்தல் வேண்டும். 'ஏ.ஏ.' கலமிடும் காமிராக்களுக்கும், கானகத்தில் நிற்கும் தானியங்கிக் காமிராக்களுக்கும், பள்ளி அலமாரியில் காத்திருக்கும் காமிராவுக்கும் குறைகசிவு நிக்கல்-ஹைட்ரைடு கலங்களே தக்கவை.

ஆயுள் முடிந்த கலங்களைத் தேயிலைச் சரிவிலோ ஓடையிலோ எறிதலும், தீயில் இடுதலும் ஒருபோதும் கூடா. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. அலுவலகத்திலும் பள்ளியிலும் ஒரு மூடிய பெட்டியில் அவற்றைச் சேர்த்து, முனைகளின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் நமது கடமையாகும். விலங்குகளைப் பதிவு செய்யக் கொண்டு சென்ற கருவியின் கழிவு, அவை நீர் அருந்தும் ஓடையை மாசுபடுத்துமாறு விடலாகாது.