போராட்டத் தடை ஆணைகளும் நீதிமன்ற மீளாய்வும்

முன்னுரை

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை இந்திய அரசமைப்பின் 19(1)(ஆ) உறுப்பு குடிமக்களுக்கு வழங்குகிறது. இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு ஆகியவற்றின் பொருட்டு அவ்வுரிமையின்மீது நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க 19(3) உறுப்பு இடமளிக்கிறது. நடைமுறையில் இக்கட்டுப்பாடு பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்வழி விதிக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு அவ்விடத்தில் உள்ளது. இவ்வகைத் தடைகளை நீதிமன்றங்கள் எவ்வாறு மதிப்பிடுகின்றன என்பதையும், அம்மதிப்பீட்டின் பயன் யாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அதிகாரமும் அளவுகோலும்

பாபுலால் பராத்தே வழக்கில் (1961) உச்ச நீதிமன்றம் 144ஆம் பிரிவு செல்லத்தக்கதே எனத் தீர்ப்பளித்தது. மது லிமாயி வழக்கிலும் (1970) அந்நிலைப்பாடே தொடர்ந்தது. ஆகவே, சட்டப்பிரிவை எதிர்ப்பதினும் தனித்தனி ஆணைகளை எதிர்ப்பதே வழக்காடுவோர்க்கு வழியாயிற்று. ஹிம்மத்லால் ஷா வழக்கில் (1973) பொதுத்தெருவில் கூட்டம் நடத்தக் காவல்துறையின் முன்னனுமதி தேவை என்ற அகமதாபாத் விதி செல்லாதெனப்பட்டது. அனுமதி மறுப்புக்கு வழிகாட்டு நெறி எதனையும் அவ்விதி வகுக்காமையே அதற்குக் காரணம். கூட்டங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம். அறவே மறுக்கும் வரம்பற்ற விருப்புரிமை அதற்கில்லை என்பது இத்தீர்ப்பின் சாரம். அனுராதா பாசின் வழக்கு (2020) மேலும் தெளிவு சேர்த்தது. தடை ஆணை வெளியிடப்பட வேண்டும். அதற்கு அடிப்படையான உண்மைகள் அதில் இடம்பெற வேண்டும். நியாயமான கருத்து வெளிப்பாட்டை ஒடுக்க அது பயன்படலாகாது.

காலம் என்னும் சிக்கல்

அளவுகோல் கூர்மையுற்றபோதும் தீர்வு காலந்தாழ்ந்தே கிடைக்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பின்போது பெங்களூருவில் 2019 டிசம்பர் 19 முதல் 21 வரை 144 தடை நடப்பில் இருந்தது. அவ்வாணை சட்டப்படி செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கீழ்நிலைக் காவல் அதிகாரிகளின் கடிதங்களை எடுத்தெழுதிய ஆணையர், தாமே ஆராய்ந்து கருத்துருவாக்கியதற்கான பதிவு இல்லை என்பதே அங்குக் கண்டறியப்பட்ட குறை. மூன்று நாள் தடை முடிந்து ஏறத்தாழ இரு மாதங்களுக்குப் பின்னரே இத்தீர்ப்பு வந்தது. உரிய நாளில் கூட இயலாதவர்களுக்கு அந்நாள் மீளக் கிட்டாது.

முடிவுரை

இத்தீர்ப்புகள் பயனற்றவை அல்ல. அடுத்த ஆணையை எழுதும் அதிகாரியை அவை கட்டுப்படுத்துகின்றன. ஆயினும், போராட்டம் குறித்த நாளில் நிகழ்ந்தாலே பொருளுடையது. ஆகவே, காரணங்களுடன் கூடிய ஆணையை முன்கூட்டியே வெளியிடுவதும், குறித்த நாளுக்கு முன்பே வழக்கை விசாரிப்பதும் இவ்வுரிமையின் இன்றியமையாப் பகுதிகளாகக் கருதப்பட வேண்டும்.