ஆபீஸ் வாட்ஸ்அப் குழு: சட்டம் யார் பக்கம்?

ஈக்காட்டுத்தாங்கலில் ஷிப்ட் மாறுவதும் லீவு சொல்வதும் இன்று வாட்ஸ்அப் குழுவில்தான். லேத் பட்டறையில் கடைந்து முடித்த பாகத்தைப் படமெடுத்து அனுப்பினால், ஆர்டர் கொடுத்தவர் அங்கிருந்தே திருத்தம் சொல்லிவிடுகிறார். ஒரு நடை மிச்சம். வாசகர் கடிதங்களில் உள்ள குழப்பம் வேறு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அதன்பிறகு ஊழியரின் பதிவுகளை நிர்வாகம் துருவ முடியாதா?

ஒப்புதலே இந்தச் சட்டத்தின் அடிப்படை என்கிறது அரசு. சம்பளக்காரர்கள் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வேலை தொடர்பான காரணங்களுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தரவை ஒப்புதல் இல்லாமலே கையாளலாம் என்று 7-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சிக்கல் அதோடு நிற்கவில்லை. எந்தத் தரவு, எதற்காக என்று நோட்டீஸ் தர வேண்டியது ஒப்புதல் கேட்கும்போது மட்டுமே. ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்கும் உரிமையும் ஒப்புதல் கொடுத்தவருக்கே. ஆக, ஒப்புதலைத் தவிர்க்கும் நிறுவனம் மற்ற இரண்டு கடமைகளிலிருந்தும் தப்பிவிடுகிறது. வணிக ரகசியம், வேவு பார்த்தல் போன்றவற்றைச் சட்டம் உதாரணமாகத்தான் சொல்கிறது. மேலாளரைக் குறைகூறும் ஒரு வரியையும் ‘இழப்பு’ என்று நிர்வாகம் வாதிடலாம். இது எனக்குக் கவலை தருகிறது.

ஊழியருக்குக் கைகொடுக்க ஒரு தீர்ப்பு இருக்கிறது. தனிப்பட்ட வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தை விமர்சித்த தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் மீதான குற்றச்சாட்டுக் குறிப்பாணையை 2023-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. மனக்குமுறலைக் கொட்ட ஊழியருக்கு உரிமை உண்டு என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன்.

முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி எழுதினால்? இந்தத் தீர்ப்பை நம்பி இறங்காதீர்கள். அது மூடிய குழுவைப் பற்றியது.

ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸ்அப் திறந்தால்? செய்தி போகும் வழிக்குத்தான் என்கிரிப்ஷன் காவல். திரையைப் படமெடுக்கும் மென்பொருளை அது தடுக்காது.

தரவு கசிந்தால் இழப்பீடு? நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், உங்களுக்கு வராது.

எச்.ஆர். நீட்டும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடலாமா? எந்தத் தரவு, எத்தனை காலம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு போடுங்கள். ஒப்புதல் என்று அவர்களே எழுதி வாங்கினால், கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடும். நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.