மூச்சுக்கு மாத வாடகை

கட்டில் ஓரத்தில் இருக்கும் அந்தப் பெட்டியை ஒரு கையால் தூக்கிவிடலாம். அதிலிருந்து ஒரே ஒரு குழாய் நோயாளியின் முகமூடிக்குப் போகிறது. குழாய் ஒன்றுதான் என்றால் வெளியே விடும் மூச்சு எங்கே போகும்? முகமூடிக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். சின்னஞ்சிறு துளைகள் வழியே காற்று ஓயாமல் சீறும். கரியமில வாயு வெளியேறுவதற்கென்றே விட்ட வாசல் அது. அந்தக் கசிவு எவ்வளவு, நோயாளி இழுத்தது எவ்வளவு என்று பெட்டி மூச்சுக்கு மூச்சு கணக்குப் போடுகிறது. நோயாளி மூச்சிழுக்கத் தொடங்கிய கணமே அழுத்தத்தை ஏற்றுகிறது, விடும்போது இறக்குகிறது. தொண்டையில் துளை போடாமலே வீட்டில் நடக்கிற செயற்கைச் சுவாசம் இது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களுக்கும், தசைகள் தளரும் நோய் உள்ளவர்களுக்கும் இரவு பொல்லாதது. தூக்கத்தில் மூச்சு மேலோட்டமாகி, கரியமில வாயு ரத்தத்தில் தேங்கும். காலையில் தலைவலியோடு எழுவார்கள். ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் போதாது. சிலருக்கு அதுவே தேக்கத்தைக் கூட்டிவிடும். தேங்கியதை வெளியேற்ற, நெஞ்சு ஏறி இறங்க வேண்டும். அந்த வேலையைத்தான் கருவி பகிர்ந்துகொள்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நுரையீரல் அடைப்பு நோய் முற்றிய 195 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள், கருவி இல்லாதவர்களில் 33 சதவீதம். கருவி பயன்படுத்தியவர்களில் 12 சதவீதம். மருந்துகளே தடுமாறும் ஒரு நோயில் வெறும் காற்றழுத்தம் இதைச் செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

இந்தக் காற்றுக்கு அமெரிக்காவில் யார், எப்படிப் பணம் கொடுக்கிறார்கள் என்பது தனிக் கதை. அங்கே பெரும்பாலும் 65 வயதை எட்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். இரண்டு நிலை அழுத்தம் தரும் எளிய கருவிக்கு அது 13 மாதம் வாடகை கொடுக்கும்; அதன் பிறகு கருவி நோயாளிக்கே சொந்தம். ஈ0466 என்ற பில் குறியீட்டில் வரும் வென்டிலேட்டருக்கு அந்த வரம்பு கிடையாது. அடிக்கடி பராமரிக்க வேண்டிய, உயிர் காக்கும் சாதனம் என்பதால், தேவை இருக்கும்வரை மாதாமாதம் வாடகை. அதில் ஐந்தில் ஒரு பங்கு நோயாளியின் பொறுப்பு.

விதி நியாயமானதுதான். நள்ளிரவில் கருவி நின்றால் ஓடிவர ஆள் வேண்டாமா? ஆனால் வென்டிலேட்டரை எளிய கருவி செய்யும் வேலைக்கும் திருப்பிவைக்கலாம். உள்ளே ஓடும் காற்று ஒன்றேதான். பில் மட்டும் வேறு. இத்தகைய வென்டிலேட்டர்களுக்கு 2009-இல் 38 லட்சம் டாலராக இருந்த மெடிகேரின் செலவு 2015-இல் 34 கோடி டாலரானது என்று அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016-இல் எச்சரித்தது.

2020 டிசம்பரில், இத்தகைய கருவிகளை வாடகைக்கு விடும் அப்ரியா நிறுவனம் 4 கோடியே 5 லட்சம் டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. நோயாளிகள் பயன்படுத்தாமல் விட்ட கருவிகளுக்கும், மலிவான கருவியே போதும் என்ற அமைப்பில் ஓடிய கருவிகளுக்கும் வாடகை வாங்கியது என்பது குற்றச்சாட்டு. 2024-இல் லிங்கேர் நிறுவனமும் இதே போன்ற வழக்கில் இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் கட்டியது.

என் மனத்தை உறுத்துவது பணம் மட்டுமல்ல. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கசிந்தது என்று எந்திரம் ஒவ்வொரு இரவும் எழுதிவைக்கிறது. அந்த ஏட்டில் பூஜ்யம் விழுந்தால், முகமூடி மூக்கை அறுக்கிறதோ, மூச்சு முட்டுகிற பயமோ, உதவ ஆளில்லையோ, ஏதோ ஒரு காரணத்தால் ஒரு மனிதர் அதைக் கழற்றி வைத்துவிட்டார் என்று பொருள். முகமூடியை மாற்றலாம், அழுத்தத்தைத் திருத்தலாம், வழியா இல்லை? பூஜ்யம் விழுந்த மாதத்தில் அவர் வீட்டுக்குப் போக வேண்டியது பில் அல்ல, சுவாச சிகிச்சை தெரிந்த ஓர் ஆள்.