மேலைநாட்டுத் திரைப்படங்களில் மறுபிறப்பு

உயிர் பல பிறவி எடுத்து உழலும் என்னும் கொள்கை இந்நாட்டில் தோன்றிய சமயங்கள் பலவற்றிற்கும் ஒப்ப முடிந்ததாகும். மேலைநாட்டிலோ வாழ்வு ஒன்று, அதன்பின் தீர்ப்பு ஒன்று என்பதே பெரும்பாலார் கொள்கை. அங்ஙனமிருக்க, அந்நாட்டார் எடுத்த திரைப்படங்களுள் மறுபிறப்பைக் கதைப்பொருளாகக் கொண்டவை பல உள என்று அறிந்தபோது யான் வியப்புற்றேன். திரைப்படம் காணும் வழக்கம் எனக்கு மிகுதியும் இல்லை. என் பேரன் தன் கணிப்பொறியில் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, விளங்காத இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பொருள் சொன்னமையால் அவ்வாய்ப்பு நேர்ந்தது.

காணத் தூண்டியது ஒரு கேள்வி. திருக்கோயில் மண்டபத்தில் ஒருநாள் மாலை, அம்மையார் ஒருவர் தம் மகள் வயிற்றுப் பேரனை மடியில் இருத்தியவாறு என்னை வினவினார்: "ஐயா, சிறு வயதிலேயே இறந்துபோன என் மகனுக்குக் காதின் பின்னே ஒரு மச்சம் இருந்தது. இவனுக்கும் அங்கேயே இருக்கிறது. அவன்தானே இவன்? அவன்தான் என்றால், என்னை ஏன் அவனுக்கு நினைவில்லை?" பல்லாண்டு பாடம் சொல்லிய எனக்கு அன்று விடை எழவில்லை.

முதலில் கண்டது 1989ஆம் ஆண்டு வெளிவந்த 'சான்சஸ் ஆர்' என்னும் அமெரிக்கப் படம். நகைச்சுவைப் படமே. இளங்கணவன் ஒருவன் ஊர்தி மோதி இறக்கிறான். மறுபிறவிக்குச் செல்லும் உயிர்களுக்கெல்லாம் பழைய நினைவை அழிக்கும் ஊசி ஒன்று விண்ணுலகில் போடப்படுவது முறையாம். இவனோ மீண்டும் பிறக்கும் அவசரத்தில் ஊசிக்குத் தப்பி வந்துவிடுகிறான். வேறொரு குடியில் பிறந்து வளர்ந்து, இளைஞனாய், தன் பழைய வீட்டிற்கே விருந்தினனாக வருகிறான். நினைவு திரும்புகிறது. எதிரே நிற்பவள் முதுமை எய்தத் தொடங்கிய மனைவி; அருகில் இருப்பவள் தான் பாராமலே விட்டுச்சென்ற மகள். அம்மகளோ இவன்மீது காதல் கொண்டுள்ளாள்! குழப்பம் முற்றிய பின், தூதன் ஒருவன் மண்ணுலகிற்கே வந்து விடுபட்ட ஊசியைப் போடுகிறான். இளைஞன் அனைத்தையும் மறந்து அப்பெண்ணையே காதலிக்கிறான்.

இம்முடிவு எனக்குக் கூச்சம் தந்தது. "தந்தை மகளைக் காதலிப்பதா?" என்று பேரனைக் கடிந்தேன். "இப்போது அவன் தந்தை இல்லையே, தாத்தா" என்றான் அவன். அவன் கூற்றில் பொருள் இருந்தது. உடம்பொடு வந்த உறவு உடம்பொடு ஒழிந்தது. நினைவுதான் அதனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறதி ஊசி இன்றைய மேலையோர் கற்பனை என்று எண்ணற்க. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் 'குடியரசு' என்னும் நூலின் இறுதியில், மீண்டும் பிறக்கச் செல்லும் உயிர்கள் மறதியாற்றின் நீரைப் பருகிச் செல்வதாகக் கதை கூறியுள்ளார். அது கி.மு. நான்காம் நூற்றாண்டு. நம் சைவ நூலோர் இம்மறதியை ஆற்றிற்கு விடாமல், இறைவனின் ஐந்தொழிலுள் ஒன்றாகவே வைத்தனர். படைத்தல், காத்தல், அழித்தல் என்பவற்றை அறிந்த அன்பர் பலரும் நான்காவதாகிய மறைத்தலைக் கருதிப் பார்ப்பதில்லை. நடராசப் பெருமான் திருமுன் நிற்கும்போது, தூக்கிய திருவடியை நோக்கி வணங்குகிறோம். ஊன்றிய திருவடியே மறைத்தலைக் குறிப்பது. உயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவம் அடையும்பொருட்டு மறைப்பது. ஆதலின் அதுவும் அருளே என்பர்.

மறைப்பு நீங்கினால் நேர்வது யாது என்பதை 1975ஆம் ஆண்டின் 'தி ரீஇன்கார்னேஷன் ஆஃப் பீட்டர் பிரவுட்' காட்டுகிறது. கல்லூரி ஆசிரியன் ஒருவனுக்கு, ஏரியில் தான் கொலையுண்டதாக ஓயாது கனவு வருகிறது. கனவில் கண்ட ஊரைத் தொலைக்காட்சியில் காண்கிறான், தேடிச் செல்கிறான், முற்பிறவியில் தன்னைக் கொன்ற மனைவியைக் கண்டுபிடிக்கிறான். அவளும் இவனை இன்னான் என்று உணர்கிறாள். அதே ஏரியில் மீண்டும் கொல்கிறாள்! இப்படத்தின் தாக்கத்தால் 1980இல் இந்தியில் 'கர்ஸ்' வந்தது என்பர். அதனைத் தழுவி 1984இல் தமிழில் 'எனக்குள் ஒருவன்' வந்தது. இங்கு வந்த பின் கதை மாறிவிட்டது. மறுபிறவி எடுத்தவன் கொலைகாரரைப் பழி தீர்ப்பதாயிற்று. வினைக்கொள்கையை நமக்கே உரியது என்று பெருமை பேசும் நாம் பழிவாங்கலைக் காட்ட, அவர்கள் வினை சுழல்வதைக் காட்டினர். இதனைச் சொல்ல எனக்கு நாணமாகவே உள்ளது.

முற்பிறப்பு உணர்ந்தார் கதை நம்மிடம் இல்லாமல் இல்லை. மணிபல்லவத்தில் புத்தபீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை அறிந்த மணிமேகலை, உதயகுமரனே முன்னைக் கணவன் இராகுலன் என்று உணர்ந்தாள். உணர்ந்தும், அவன் வெட்டுண்டு கிடந்தபோது பழைய பற்று அவளை ஈர்க்க, கந்திற்பாவை தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. துறவுள்ளம் கொண்ட அவளுக்கே அந்நிலை.

வேறு சில படங்களும் கண்டேன். 1993இன் 'லிட்டில் புத்தா'வில், இறந்த திபெத்தியக் குரு ஒருவரே மூன்று குழந்தைகளாய்த் தோன்றியுள்ளார் என்கின்றனர். ஓர் உயிர் மூன்றாதலைச் சித்தாந்தம் ஒப்பாது. ஆயினும் படம் அழகியது. 2017இன் 'எ டாக்ஸ் பர்ப்பஸ்' ஒரு நாயின் பல பிறவிகளைச் சொல்வது, குழந்தைகளுடன் காணலாம். 2004இன் 'பர்த்' படத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், இறந்த கணவன் யானே என்று ஒரு பெண்முன் வந்து நிற்கிறான். அவள் அமைதி குலைந்ததே கண்ட பயன்.

என் உறக்கத்தைக் கெடுத்தது 1977இல் வந்த 'ஆட்ரி ரோஸ்'. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்னும் இனிய படத்தை எடுத்த ராபர்ட் வைஸ் என்பாரே இதனையும் எடுத்தவர். ஊர்தி விபத்தில் தீயில் வெந்து இறந்த தன் சிறுமகள், அடுத்த சில நிமிடங்களில் வேறொருவர் மகளாய்ப் பிறந்துவிட்டாள் என்று நம்பும் தந்தை ஒருவன், ஆண்டுகள் பல கழிந்தபின் அக்குடும்பத்தைத் தேடி வருகிறான். அவன் தீயவன் அல்லன், துயருற்றவன். ஐவி என்னும் அச்சிறுமியோ தீக்கனவு கண்டு இரவில் அலறுகிறாள். கைகள் வெந்தாற்போல் துடிக்கிறாள். வழக்கு நீதிமன்றம் செல்கிறது. உண்மை அறியும்பொருட்டு, பலர் காண அவளை மனோவசியத்தால் பழைய நினைவிற்குக் கொண்டு செல்கின்றனர். அவள் அத்தீயையே மீண்டும் அடைகிறாள். மீளவில்லை. உயிர்க்குப் பிறப்பும் இறப்பும் இல்லை என்னும் பகவத்கீதைக் கருத்தை எழுத்தில் காட்டிப் படத்தை முடிக்கின்றனர். கருத்து மெய்யே. எனினும் என் கண்முன் நின்றது அக்குழந்தையைப் பெற்ற தாயின் முகம்.

சில நாள் கழித்து மண்டபத்தில் அவ்வம்மையாரை மீண்டும் கண்டேன். பேரனும் உடனிருந்தான். நூற்பொருள் ஒன்றும் சொல்லாமல் ஐவியின் கதையைச் சொன்னேன். வேறொருத்தியின் நினைவைச் சுமந்து அக்குழந்தை பட்ட பாட்டைச் சொன்னேன். கேட்டவாறே அவர் பேரனை அருகில் இழுத்துக்கொண்டார். "அந்தப் பெண் குழந்தை பிறகு நன்றாக ஆகிவிட்டதா, ஐயா?" என்றார். சாயரட்சை மணி ஒலித்தது. விடை சொல்லாமலே எழுந்தேன்.