ஒரே மரபணு, வேறு வேறு பூர்வீகம்

அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘ஹிஸ்பானிக்’ என்றொரு பிரிவு உண்டு. மெக்சிகோ வழி வந்தவர், டொமினிக்கர், போர்ட்டோ ரிக்கர் எல்லாரும் அதே பிரிவில்தான். வம்சம் அப்படி ஒன்றல்ல. ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், அமெரிக்கப் பழங்குடியினர் என மூன்று பூர்வீகங்கள் ஐந்து நூற்றாண்டுகளாக இடத்துக்கு இடம் வேறு அளவில் கலந்திருக்கின்றன. மறதிநோய் ஆய்வில் இந்தக் கலப்பு ஒரு விந்தையைக் காட்டிக்கொடுத்தது.

மூளையில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்றை உண்டாக்குவது 19ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஇ மரபணு. அதன் நான்காம் வகை அல்சைமர் நோய்க்கு வழிவிடுகிறது என்று 1993இல் தெரியவந்தது. பரவலாகக் காணப்படும் மூன்றாம் வகைக்கும் இதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். ஐரோப்பிய வம்சத்தாரில், தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து இது வந்தால் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது.

ஆனால் நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸில் கணக்கு உதைத்தது. 1998இல் வெளியான ஆய்வின்படி, அங்கே நான்காம் வகை இல்லாத ஹிஸ்பானிக் முதியவர்களுக்கும், அது இல்லாத வெள்ளையரைவிட நோய் அதிகமாக வந்தது. பள்ளிப் படிப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்ட முடியாது.

அசல் ஆச்சரியம் 2018இல் வந்தது. போர்ட்டோ ரிக்கர்களையும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் ஆராய்ந்தவர்கள், ஆளின் மொத்தப் பூர்வீகத்தோடு நிற்காமல், குரோமோசோமில் ஏபிஓஇ உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறு துண்டு எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தார்கள். துண்டு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தால் நான்காம் வகையின் தீங்கு குறைவு; ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தால் அதிகம். மொத்தப் பூர்வீகம் பெரிதாக எதையும் மாற்றவில்லை! ஐரோப்பியத் துண்டில் இந்த மரபணு கூடுதலாகச் செயல்படுவதை மூளைத் திசுவில் பின்னர் கண்டார்கள். விளக்கு ஒன்றுதான், திரியை எவ்வளவு தூண்டுவது என்பதில் அக்கம்பக்கத்து டி.என்.ஏ.வுக்கும் கை உண்டு.

உலகின் மரபணு ஆய்வுகளில் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சத்தாரிடம் நடந்தவை. எனவே மரபணுப் பரிசோதனைச் சீட்டு ‘மூன்று மடங்கு ஆபத்து’ என்று சொன்னால், அது யாரை வைத்துப் போட்ட கணக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள்.