வலிக்கு எத்தனை வார்த்தை?

வெளிநாட்டில் பெற்றோரை டாக்டரிடம் கூட்டிப்போகிறவர்களுக்குத் தெரியும், பாதி வைத்தியம் மொழிபெயர்ப்பில்தான் நடக்கும். டொரொண்டோ வந்ததிலிருந்து என் அம்மாவுக்குப் பேரன்தான் மொழிபெயர்ப்பாளர். பன்னிரண்டு வயசுப் பையன் முன்னால் எல்லாத்தையும் சொல்ல முடியுமா? பாதியை முழுங்கிவிடுவார்.

அதனால் உடம்புச் சொற்களில் இருந்தே ஆரம்பித்தோம். வீட்டிலிருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியில் 'பெயின்', 'ஏக்' இரண்டுக்கும் 'வலி'தான். ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியோ விளக்கிச் சொல்கிறது. 'ஏக்' என்றால் சுருக்கென்று குத்தாமல் விடாமல் இருக்கும் வலி. "அட, நம்ம குடைச்சல்!" என்றார் அம்மா. 'சோர்', தொட்டால் நோவது. 'நம்', மரத்துப்போவது. அடுத்த தடவை டாக்டர் அறைக்குள் தனியாகவே போனார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

1978இல் வந்த லாங்மேன் அகராதி, சுமார் 2,000 எளிய சொற்களை வைத்தே மற்ற சொற்களை விளக்கியது. அந்த வழியில் படித்தால் இன்னொரு லாபம்: சொல் மறந்தாலும் சுற்றி வளைத்துச் சொல்ல வரும். 'டிஸி' நினைவுக்கு வராவிட்டால், "எல்லாம் சுத்துது, விழுந்துடுவேன் போல" என்பதையே சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளில் சொல்லிவிடலாம்.

இப்போது மருந்து பாட்டில்களுக்கு வந்திருக்கிறோம். நேற்று 'ட்ரௌஸி'. தூக்கம் சொக்குவது என்று புரிந்ததும் அம்மா சிரப்பை ராத்திரிக்கு எடுத்து வைத்துவிட்டார்.